சுவரைக் கழற்றிய நெற்செல்

நெல் நாற்றின் ஒரு செல்லை அதன் சுவரிலிருந்து பிரித்து, உயிரோடு தனியே நிறுத்திவைக்க முடியும். மெல்லிய சவ்வு மட்டுமே மூடிய அந்த உருண்டைக்குப் புரோட்டோபிளாஸ்ட் என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் விளையும் எந்த நெல்லிலிருந்தும் இதை எடுத்துப் பார்க்கலாம். எடுப்பது அவ்வளவு கடினமில்லை. எடுத்த செல் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் கடினம். ஆய்வகத்தில் இதற்காகப் படும் பாடு முழுவதும் அந்த உயிரைக் காப்பாற்றத்தான்.

விலங்குகளின் செல்லுக்குச் சுவர் கிடையாது. தாவரச் செல்லுக்கு உண்டு. செல்லுலோஸ் இழைகள் அந்தச் சுவரின் உடம்பு. ஹெமிசெல்லுலோஸ் அவற்றைப் பிணைக்கிறது. ஒரு செல்லை அடுத்த செல்லோடு ஒட்டவைப்பது பெக்டின். நெல்லுக்கு இன்னொரு காப்பும் இருக்கிறது. மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா அதன் இலைத் தோலில் படிந்து கெட்டிப்படுகிறது. வளர்ந்த சம்பாப் பயிருக்குள் வெறுங்காலோடு இறங்கி நடந்தால் முழங்காலெல்லாம் கீறல் விழுவது அதனால்தான். பயிர் சாயாமல் நிற்கவும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஓரளவு ஈடுகொடுக்கவும் இந்தக் கெட்டித்தனம் உதவுகிறது. நமக்கு நல்லது. செல்லை வெளியே எடுக்க நினைப்பவருக்குத்தான் தொல்லை.

இரண்டாவது சிக்கல் தண்ணீர். செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியிலுள்ள நீரை இடைவிடாமல் உள்ளே இழுக்கின்றன. சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வதால் செல் விறைப்பாக நிற்கிறது. இலை நிமிர்ந்து நிற்பதற்குக் காரணமே இந்த விறைப்புதான். சுவரை அகற்றிவிட்டுச் செல்லை வெறும் தண்ணீரில் போட்டால் நீர் புகுந்து புகுந்து சவ்வு சில நொடிகளில் வெடித்துவிடும். நுங்கு சீவுகிறவருக்கு இந்தக் கஷ்டம் புரியும்: மேலே உள்ள கெட்டி ஓடு போக வேண்டும், உள்ளே இருக்கும் கண் கிழியக் கூடாது.

இதற்கு முதலில் வழி கண்டவர் சுவீடனைச் சேர்ந்த ஜான் அஃப் கிளெர்க்கர். 1892இல் அவர் ஒரு நீர்த்தாவரத்தின் திசுவை அடர்த்தியான கரைசலில் ஊறவைத்தார். செல்கள் நீரிழந்து சுருங்கிச் சுவரைவிட்டு விலகின. அந்த நிலையில் திசுவைக் கத்தியால் அறுத்தபோது, கத்தி சுவரை மட்டும் வெட்டிய இடங்களில் சில செல்கள் முழுதாக நழுவி வெளியே வந்தன. சிலதான் வந்தன. அறுபதாண்டுகளுக்கும் மேலாக உலகம் அந்தச் சிலவற்றோடுதான் இருந்தது.

1960இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காக்கிங் கத்தியை விட்டுவிட்டுப் பூஞ்சையிடம் போனார். செல்லுலோஸைத் தின்று வாழும் ஒரு பூஞ்சையை வளர்த்து, அது சுரக்கும் என்சைமைத் திரட்டி, தக்காளி வேர்நுனிகளை அதில் ஊறவைத்தார். சுவர் கரைந்தது; செல்கள் உருண்டைகளாக வெளிவந்தன. இன்று உலகெங்கும் நடக்கும் வேலை அனைத்துக்கும் அதுதான் தொடக்கம். 1968இல் ஜப்பானில் இட்டாரு டாக்கெபேயும் தோழர்களும் கடையில் விலைக்குக் கிடைத்த என்சைம்களைக் கொண்டே புகையிலை இலையிலிருந்து ஏராளமான செல்களை எடுத்தனர். 1971இல் அப்படி எடுத்த செல்லிலிருந்து டாக்கெபே உள்ளிட்டோர் முழுச் செடியையே வளர்த்துக் காட்டினர்.

அந்த என்சைம்களில் முதன்மையான செல்லுலேஸ் எதிலிருந்து வருகிறது தெரியுமா? டிரைக்கோடெர்மா விரிடி. காவிரி டெல்டா உழவருக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெல் அறுத்தபின் உளுந்தும் பயறும் விதைக்கும்போது, வேரழுகல் வராமலிருக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்று கலந்து விதைக்கிறோமே, அதே பூஞ்சைதான். கெட்ட பூஞ்சைகளின் சுவரைத் தின்று பயிரைக் காப்பது வயலில் அதன் வேலை. செத்த தாவரத்தின் செல்லுலோஸைக் கரைத்து உண்பது அதன் இயல்பு. அறுவடைக்குப்பின் வயலில் கிடக்கும் தாள் மண்ணோடு மண்ணாவதில் இத்தகைய பூஞ்சைகளுக்குப் பெரிய பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக்கின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. அவற்றை அரித்த பூஞ்சையை ஆராய்ந்தபோது கிடைத்தது இதன் நெருங்கிய உறவான டிரைக்கோடெர்மா ரீசி. இன்றைய செல்லுலேஸ் தொழிலின் பெரும்பகுதி அதை நம்பியிருக்கிறது. ஆய்வகங்களில் பெரிதும் புழங்கும் 'ஒனோசுகா' செல்லுலேஸையும், பெக்டினைக் கரைக்கும் 'மேசரோசைம்' பொடியையும் தயாரிப்பது ஜப்பானின் யாகுல்ட் நிறுவனம். நம் ஊர்க் கடைகளில் சின்னக் குப்பிகளில் விற்கும் புளித்த பால் பானமும் அந்தக் குழுமத்தினுடையதுதான்.

நெல்லில் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். விதையைக் கிருமி நீக்கி முளைக்கவிட்டு, 10 முதல் 14 நாள் வளர்க்கிறார்கள். பலர் இருட்டிலேயே வளர்ப்பதும் உண்டு. வெளிச்சம் காணாத நாற்று வெளிறி, நெடுநெடுவென்று மெலிந்து நிற்கும். அதன் சுவர் மெல்லியது. நடவுக்குத் தயாராகிவிட்ட நாற்று இதற்கு உதவாது, சுவர் முற்றியிருக்கும். நாற்றின் தண்டையும் இலையுறையையும் ஒரு கொத்தாகப் பிடித்து, புதிய சவர பிளேடால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்க வேண்டும். அழுத்தவே கூடாது. மழுங்கிய பிளேடு வெட்டாது, நசுக்கும். நசுங்கிய செல் தன் நச்சுகளைக் கரைசலில் கொட்டிப் பக்கத்துச் செல்லையும் கெடுக்கும். அதனால் கொஞ்சம் நறுக்கியதுமே பிளேடை மாற்றிவிடுகிறார்கள். செல் எவ்வளவு உயிரோடு வரும் என்பதில் பாதி இந்த மேசையிலேயே முடிவாகிவிடுகிறது.

நறுக்கிய துணுக்குகள் காயுமுன்னே 0.6 மோலார் மானிட்டால் கரைசலுக்குப் போகின்றன. மானிட்டால் ஒருவகைச் சர்க்கரை ஆல்கஹால். மூளை வீக்கத்தைக் குறைக்க மருத்துவமனையில் டிரிப்பாக ஏற்றுவதும் இதைத்தான். அங்கே போலவே இங்கேயும் நீரை வெளியே இழுப்பதுதான் அதன் வேலை. செல் சற்றே சுருங்கிச் சுவரைவிட்டு விலகுகிறது. கிளெர்க்கர் செய்ததும் இதுதான். இதற்குப் பின்னரே என்சைம்: செல்லுலேஸ் 1.5 சதவீதம், மேசரோசைம் 0.75 சதவீதம், அதே அடர்த்தியில் மானிட்டால், சவ்வுக்கு உறுதி தரச் சிறிது கால்சியம், பி.எச். 5.7. வெற்றிடப் பம்பில் சிறிது நேரம் வைத்தால் துணுக்குகளில் அடைபட்டிருக்கும் காற்று குமிழியிட்டு வெளியேறி, கரைசல் உள்ளே இறங்கும். பிறகு இருட்டில், மிக மெதுவாக ஆடும் தட்டில், 4 முதல் 6 மணி நேரம். மே மாத வெயிலில் குளிர்வசதி இல்லாத அறையில் இதைச் செய்யக் கூடாது. வெப்பம் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடினால் என்சைம் விரைந்து வேலை செய்யும், செல்லும் விரைந்து சாகும்.

நேரம் முடிந்ததும் தட்டைக் கையில் எடுத்து லேசாகச் சுழற்றினால், வெளிர் மஞ்சளாக இருந்த கரைசல் கலங்குகிறது. செல்கள் வெளியேறத் தொடங்கியதன் அடையாளம் அது. 40 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்டினால் சக்கை மேலே நிற்கும், செல்கள் கீழே இறங்கும். சாதாரண உப்பும் கால்சியம் குளோரைடும் சேர்ந்த கரைசலால் அலசி, மையவிலக்கியில் மிகக் குறைந்த வேகத்தில் சில நிமிடம் சுற்றினால் குழாயின் அடியில் மெல்லிய படிவாகத் தங்கும். அதை வேகமாகக் குலுக்கினால் அதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண். பிப்பெட்டின் நுனி குறுகலாக இருந்தாலும் ஆபத்துதான். நுனியைக் கத்தரித்து வாயை அகலமாக்கிக்கொள்கிறார்கள். மேலே சுவர் இல்லாத செல்லுக்கு ஒரு சின்ன நீர்ச்சுழலே போதும், கிழிந்துவிடும்.

இப்போது நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டை உருண்டையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, பல அதற்கும் சிறியவை. நாற்றில் நீளமாகவும் கட்டமாகவும் இருந்த செல்கள் சுவர் போனதும் ஒன்றுபோல் உருண்டையாகிவிடுகின்றன. ஓரத்தில் கோணம் தெரிந்தால் அங்கே சுவர் மிச்சமிருக்கிறது என்று பொருள். உறுதிசெய்ய கால்கோஃபுளோர் என்ற சாயத்தைச் சேர்க்கிறார்கள். துணி வெளுப்பாகத் தெரிவதற்காகப் பயன்படுத்தும் ஒளிர்பொருள் வகையைச் சேர்ந்தது அது. செல்லுலோஸில் ஒட்டிக்கொண்டு புறஊதா ஒளியில் நீலமாக மின்னும். மின்னாத உருண்டைதான் முழுதாகச் சுவர் கழன்றது.

அழகாக உருண்டிருக்கும் செல் செத்துப்போனதாகவும் இருக்கலாம். உயிரை அறிய ஃபுளோரசீன் டையசிடேட் என்னும் பொருளை ஒரு துளி சேர்க்கிறார்கள். அதற்குத் தானாக ஒளி கிடையாது. சவ்வைத் தாண்டிச் செல்லுக்குள் எளிதாக நுழைந்துவிடும். செல் உயிரோடு இருந்தால் உள்ளேயுள்ள எஸ்டரேஸ் என்சைம்கள் அதைப் பிளந்து ஃபுளோரசீனாக மாற்றும். இந்த ஃபுளோரசீன், கிழியாத சவ்வைக் கடந்து எளிதில் வெளியே வர முடியாது. உள்ளேயே தேங்கி, நீல ஒளி பட்டதும் பச்சையாக ஒளிர்கிறது. ஆக, ஒரு செல் பச்சையாகத் தெரிந்தால் இரண்டு செய்தி ஒருசேரக் கிடைக்கிறது: உள்ளே வேலை நடக்கிறது, வெளியே சவ்வு முழுதாக இருக்கிறது. செத்த செல் இருண்டே கிடக்கும். ஒளிர்வு நுண்ணோக்கி இல்லாத இடத்தில் இவான்ஸ் நீலம் என்னும் மலிவான சாயம் போதும். அது உயிருள்ள செல்லுக்குள் நுழையாது, செத்ததை நீலமாக்கும். மொத்தத்தில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணி நூற்றுக்கு இத்தனை என்று எழுத வேண்டும். எண்ணிக்கை லட்சக்கணக்கில் வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோய் இந்தச் சதவீதத்தைப் பார்க்காமல் விடுவது பெரும் தவறு என்பேன். நூற்றுக்கு எண்பதுகூட உயிரோடு இல்லையென்றால் அந்தக் குழாயைக் கொட்டிவிட்டு மறுபடி விதை ஊறப்போடுவதே மேல்.

இதோடு முடியவில்லை. உயிரோடு இருப்பது வேறு, பெருகுவது வேறு. புகையிலை இலைச் செல் சுவரை மறுபடி கட்டிக்கொண்டு, பிரிந்து, செடியாகிவிட்டது. நெல், கோதுமை, கம்பு போன்ற புல்லினத்து இலைச் செல்களோ பச்சையாக ஒளிரும், ஆனால் பிரிய மறுக்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானிகள் விமலா வாசில், இந்திரா வாசில் தம்பதியர். இலையை விட்டுவிட்டு, கருவாக வளரும் ஆற்றலுள்ள செல்களைத் திரவத்தில் வளர்த்து, அவற்றிலிருந்து அவர்கள் சுவர் கழற்றினார்கள். 1980இல் கம்பில் அந்த வழி பலித்தது. 1985, 86ஆம் ஆண்டுகளில் ஜப்பானிலும் நாட்டிங்ஹாமிலும் நெல்லிலும் பலித்தது. ஆனால் அவை ஜப்பானிக்கா நெல்கள். நம் வயல்களில் விளையும் இண்டிகா வகை லேசில் வழிக்கு வரவில்லை. 1990இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இன்கோ பொட்ரிக்கஸின் ஆய்வகத்தில் ஸ்வபன் தத்தா, கராபி தத்தா உள்ளிட்ட குழு, 'சின்சுரா போரோ 2' என்னும் வங்காள இண்டிகா நெல்லின் புரோட்டோபிளாஸ்டில் ஒரு மரபணுவைச் சேர்த்து, விதை தரும் செடியாகவே வளர்த்துக் காட்டியது. இண்டிகாவுக்கு அது பெரிய வெற்றி.

சுவர் இல்லாத இரண்டு செல்களை ஒட்டிவிடவும் முடியும். அதன் பயன் புரிய ஒரு பழைய சிக்கலைப் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன், 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றது உருளைக்கிழங்கு இனங்களின் குரோமோசோம் ஆராய்ச்சிக்காக. பயிரின் காட்டு உறவுகளிடம் நல்ல குணம் இருக்கும், ஆனால் அவை பயிரோடு சேர மறுக்கும். அவர் தலைமுறைப் பயிர் விஞ்ஞானிகள் முட்டி நின்ற இடம் அது. செல் இணைப்பு அந்தத் தடையை ஒரு பக்கமாகத் தாண்டுகிறது. 1978இல் ஜெர்மனியில் கியோர்க் மெல்ஷெர்ஸ் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் இப்படி இணைத்துப் 'பொமாட்டோ'வை உண்டாக்கினார். பத்திரிகைகள் கொண்டாடின, சமையலறைக்கு அது வந்து சேரவில்லை.

நமக்கு நெருக்கமான முயற்சி 1999இல் நடந்தது. வங்காள விரிகுடாவின் கழிமுகங்களில் கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றில் வளர்கிறது போர்ட்டரேசியா என்னும் காட்டு நெல்லினம். இலையிலுள்ள நுண்மயிர்களின் வழியே உப்பை வெளித்தள்ளிவிடும் செடி அது. காக்கிங்கின் நாட்டிங்ஹாம் குழு, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரார், குர்தேவ் குஷ் ஆகியோருடன் சேர்ந்து, நெல்லின் செல்லையும் இதன் செல்லையும் இணைத்தது. நெல்லின் 24 குரோமோசோம்களும் காட்டுச் செடியின் 48ம் சேர்ந்து 72 கொண்ட செடி கிடைத்தது. உழவர் கைக்கு வரும் ரகமாக அது மாறவில்லை. இரண்டு செடிகளின் எல்லாப் பண்புகளையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் வேண்டியதோடு வேண்டாததும் வந்துவிடும். செல் இணைப்பின் அடிப்படைக் குறை இது. அதனால் இதை நம்பி டெல்டாவின் உப்பு நிலத்துக்கு ரகம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மரபணு சேர்க்கும் வேலையிலும் புரோட்டோபிளாஸ்டின் இடம் போனது. 1994இல் ஜப்பானில் ஆக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவைக் கொண்டே நெல்லில் மரபணு சேர்க்கும் முறை கைகூடியதும், சுவர் கழற்றும் சிரமம் எதற்கு என்று பலர் விட்டுவிட்டார்கள். பிறகு மரபணுத் திருத்தம் வந்தது. 2013இல் சீனாவில் காவோ சைஷியாவின் குழு, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறை நெல்லில் வேலை செய்வதைக் காட்டியபோது, முதலில் சோதித்துப் பார்த்தது நெல் புரோட்டோபிளாஸ்டில்தான். காரணம் நேரம். ஒரு மரபணுவின் குறித்த இடத்தை வெட்ட எழுதிய வழிகாட்டி ஆர்.என்.ஏ. சரியாக வெட்டுமா என்பதைச் செடி வளர்த்துப் பார்த்தால் மாதக்கணக்கில் ஆகும். சுவரில்லாத செல்லில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கொண்டு உள்ளே அனுப்பினால் இரண்டு மூன்று நாளில் டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்துவிடலாம். அந்தச் செல் பெருக வேண்டியதே இல்லை. அதுவரை உயிரோடு இருந்தால் போதும். பெருக மறுக்கிறது என்று ஒதுக்கிய நெல் இலைச் செல் இந்த வேலைக்கு முழுத் தகுதி பெற்றுவிட்டது.

2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று, ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'டி.ஆர்.ஆர். தான் 100'. இது சம்பா மசூரியிலிருந்து, அதாவது டெல்டாவில் பி.பி.டி. என்றும் கடையில் ஆந்திரா பொன்னி என்றும் சொல்லும் நெல்லிலிருந்து, கதிரில் மணி கூடுவதற்காகத் திருத்தப்பட்டது. மற்றொன்று டெல்லியின் 'பூசா டி.எஸ்.டி. 1', எம்.டி.யு. 1010 ரகத்தில், வறட்சியையும் உப்பையும் தாங்குவதைத் தடுக்கும் ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தது. இரண்டிலும் அயல் மரபணு இல்லை. அரசும் 2022 மார்ச் 30 அன்றே இவ்வகைத் திருத்தத்துக்கு மரபணு மாற்றுப் பயிர்களின் விதிகள் சிலவற்றிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. இந்த ரகங்கள் வேண்டுமா என்பதில் உழவர் இயக்கங்களுக்குக் கேள்விகள் இருக்கின்றன. விதை யார் கையில் இருக்கும் என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் புரோட்டோபிளாஸ்ட் சோதனை அந்தத் தகராறுக்குள் வராது. அதிலிருந்து எதுவும் வயலுக்குப் போவதில்லை, தெரிந்துகொள்ள மட்டுமே அது.

தெரிந்துகொள்ள டெல்டாவில் நிறைய இருக்கிறது. 2004 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையின் வயல்களில் உப்பைக் கொண்டுவந்து கொட்டியது. மேட்டூரிலிருந்து தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் கடைமடையில் உப்பு மேலேறுகிறது. அந்தக் கரையில்தான் குழியடிச்சான் நெல் விளைந்தது. களர் நிலத்துக்கென்றே களர்பாளை இருந்தது. நெல் ஜெயராமன் போன்றோர் வீடுவீடாகத் தேடிச் சேர்த்த விதைகளில் இவை உயிர்பிழைத்தன. இவை உப்பை எப்படித் தாங்குகின்றன? சோடியத்தைச் செல்லின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் தள்ளி அடைத்துவைக்கும் புரதம் ஒன்று நெல்லில் உண்டு. அதன் மரபணுவோடு பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை ஒட்டி, சுவரில்லாத செல்லுக்குள் மாலையில் அனுப்பினால், மறுநாள் காலை அந்தப் புரதம் செல்லில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வேர் உப்பை எப்படி வடிகட்டுகிறது என்பதைத் தனிச் செல் சொல்லாது, அதற்கு முழுச் செடி வேண்டும். ஆனால் செல்லுக்குள் நடப்பதை இதைவிட விரைவாகச் சொல்லும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் உயிரித் தொழில்நுட்பம் சொல்லித்தரும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் புரோட்டோபிளாஸ்ட் எடுக்கும் செய்முறைகள் பெரும்பாலும் ஜப்பானிக்கா நெல்லுக்கு எழுதப்பட்டவை. நம் ரகங்களின் நாற்று வயது, மானிட்டால் அடர்த்தி, என்சைம் நேரம் ஆகியவற்றை நாம்தான் கண்டறிய வேண்டும். அதற்கு இளநிலை மாணவர்களே போதும். ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: இந்தப் பருவத்திலேயே குழியடிச்சானும் களர்பாளையும் நூறு விதை முளைக்கப் போடுங்கள். செல்லை எடுங்கள். எத்தனை வந்தது என்பதோடு எத்தனை உயிரோடு வந்தது என்பதையும் எண்ணி, கிடைத்த அளவுகளைத் தமிழிலும் எழுதி வெளியிடுங்கள்.